ஓசி மென்பொருளுக்கு ஒரு ரூம்

...ஓசியாம் சார், ஓசி! வாயில நல்லா வருது, எடம் சரியில்ல. நீங்க உக்காருங்க, உள்ள கூட்டம் இப்போதைக்கு முடியாது. மூணு மாசமா இதே பேச்சுதான். லைப்ரரில கெடக்குற ஆராய்ச்சிப் புத்தகத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். ஏத்துனதைப் பத்திரமா வெக்க ஒரு மென்பொருள் வேணுமாம். அதுல எது மலிவுன்னு பாக்க ஒரு கமிட்டி. கமிட்டி தின்ன பிஸ்கட்டு காசுல ரெண்டு மென்பொருள் வாங்கிருக்கலாம்!

மூணு கம்பெனி காகிதம் வந்துச்சு. நாந்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். ஒண்ணு வருஷா வருஷம் வாடகை. "வாடகை நின்னா புத்தகமெல்லாம் நடுத்தெருவுலயா?"ன்னு கணக்குப் பிரிவு மீசைக்காரரு குதிச்சாரு. இன்னொண்ணு உங்களுது, புத்தகத்துக்கு இவ்ளோன்னு எண்ணிக் காசு. அட, தெரியும் சார், பையில கம்பெனி பேரு இவ்ளோ பெருசா போட்டிருக்கே! மூணாவதுதான் இந்த ஓசி.

என் மருமகன் கம்ப்யூட்டர் கடையில இருக்கான். அப்பவே சொன்னான்... "மாமா, ஓசின்னு எவன் குடுத்தாலும் பின்னாடியே ஒருத்தன் பில்லோட வருவான்"னு. வந்தான் பாருங்க! ஓசிய வெக்க ஒரு மெஷினு. மெஷினுக்கு ராப்பகலா ஏசி. ஏசிக்கு ஒரு ரூம். ரூமுக்கு ஒரு பூட்டு. பூட்டைத் தொறக்க ஒரு இன்ஜினியரு. ரூமு யாரோடது? என்னோடது சார்! இருபத்தாறு வருஷம் உக்காந்த ரூமு! எனக்கு எங்க எடம் தெரியுமா? கீழ... தரைக்கு அடியில, அந்தப் புத்தகங்களோட. இருபத்தெட்டு படி. "படியைப் படத்துல பாத்தாக்கூட உங்க முட்டிக்கு ஆகாது"ன்னு டாக்டர் சொல்லிருக்காரு. நாளைக்குக் காலையில என் மேசையைத் தூக்குறாங்க. இன்னிக்கு உள்ள கையெழுத்து போடுறதுதான் பாக்கி.

என்ன... உங்களுத ஏன் கழிச்சுட்டாங்கன்னா கேக்குறீங்க? விலைதான் சார்! பெருக்கிப் பாத்தா மலை மாதிரி நின்னுச்சு. நாப்பதாயிரம் புத்தகம்ல! நூலக அம்மா கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சிட்டாங்க.

இல்ல சார்... அவ்ளோ எங்க இருக்கு? உள்ள இருக்கறவங்கள்ல யாராவது கீழ எறங்கிப் பாத்தாங்களா? எண்ணி எழுதுன்னு என்கிட்டதான் ரிஜிஸ்டரை நீட்டுனாங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடியும் இப்பிடித்தான் கேட்டாங்க. உள்ளது உள்ளபடி எழுதினேன். "இவ்ளோதானா? இதுக்கு எதுக்குய்யா ரெண்டு ஆளு?"ன்னு எனக்கு ஒத்தாசைக்கு இருந்தவரைப் பரீட்சைப் பிரிவுக்குப் புடுங்கிட்டுப் போனாரு மீசை. நான் மறப்பேனா? பேத்தி பேரு மறந்தாலும் அத மறக்க மாட்டேன் சார். அதான் இந்தத் தடவ... ஒரே புத்தகத்துக்கு நாலு காப்பி இருக்கும், நாலையும் எண்ணினேன். அட்டை பிஞ்சு ரெண்டா கெடந்ததை ரெண்டுன்னு எண்ணினேன். அப்புறம் முட்டி வலிச்சுது. மிச்சத்தை மேல வந்து உக்காந்து எண்ணினேன்.

நெசமாவா? நெசமா ஒரு மூவாயிரம் இருக்கும். கரையான் அரிச்சதையும் சேத்தா மூவாயிரத்து எரநூறு. நமக்குள்ள இருக்கட்டும், என்ன...

சார்? என்ன எந்திரிச்சிட்டீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம் சார்! அது கூட்டம் நடக்குற ரூமு... சார், கதவைத் தட்டாம... அடப்பாவி, நொழைஞ்சிட்டானே!

ம்... இருந்தாலும்... எண்ணிக்கை கொறஞ்சா இவன் விலை கொறையும். விலை கொறஞ்சா ஓசி ஒழியும். ஓசி ஒழிஞ்சா என் ரூமு எனக்கு! அட, போகட்டும்யா, நல்லதுதான்...

யாரு, நானாம்மா? இதோ வந்துட்டேம்மா...

ரிஜிஸ்டரோடயாம்மா?