பால் பிடிச்ச கோதுமை

— சரி, மறுபடி சொல்லு. நாளைக்குக் காலையில என் பக்கத்துக் கோதுமைய மட்டும் பச்சையாவே அறுத்துடணும். வரப்புக்கு அந்தப் பக்கம் உன்னோடது அப்படியே நிக்கும். அப்படித்தானே?

— ஆமா மதினி. வைக்கோல் தீயில வாட்டிக் கசக்கி எடுத்தா, டமாஸ்கஸ் யாவாரிங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க. அல்லா மேல ஆணையா உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— என் நல்லதுக்கு! உங்க அண்ணன் மவுத்தாகி ரெண்டு வருஷமாச்சு. இத்தனை நாள் இல்லாத அக்கறை இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு நிஹாத்?

— ஏன் மதினி குத்திக் குத்திப் பேசுறீங்க?

— இந்தா, இந்தக் கதிர வாங்கு. ஒரு மணிய உரிச்சு நசுக்கு. என்ன வருது?

— பால்.

— பால்! பூ கொட்டிப் பத்து நாள்கூட முழுசா ஆகல. நசுக்குனா பிசைஞ்ச மாவு மாதிரி விரல்ல ஒட்டணும், அப்பத்தான வாட்டுறதுக்கு அறுப்பாங்க? இப்பத் தீயில காட்டினா உமியும் தோலும்தான் மிஞ்சும். முப்பது வருஷமா கோதுமை விதைக்கிறவனுக்கு இது தெரியாதாக்கும்?

— மேகம் கட்டுது மதினி. ஆலங்கட்டி விழுந்தா...

— அப்படியா சேதி? ஆலங்கட்டி என் பக்கம் மட்டும் விழுமோ? உன் பக்கத்துக்குக் குடை பிடிச்சு வச்சிருக்கியா?

— குருவிங்க வேற...

— போடா! குருவிக்குக்கூட எது யாரு பக்கம்னு தெரிஞ்சிருக்கு பாரு. பனியில தூர் கட்டினப்போ குனிஞ்சு களையெடுத்தது நானும் என் பொண்ணும். கதிர் பொதி கட்டினப்போ மழை வரலையேன்னு வயிறெரிஞ்சு நின்னது நான். என் பிள்ளைங்க ரெண்டுக்கும் ஒரு வருஷத்து ரொட்டி இது. மணி முத்தித் தலை சாயுற வரைக்கும் இதுல அரிவாள் படாது.

— அதுவரைக்கும் விட்டா உங்களுக்கு ஒரு மணிகூடக் கிடைக்காது!

— ஏன்? ஏன் கிடைக்காது? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— அது வந்து...

— நேத்து யாரையோ கூட்டிட்டு வந்து இங்க கயிறு பிடிச்சு அளந்தியாமே? பக்கத்து வீட்டு உம்மு ஸாஹிர் பாத்திருக்கா.

— மதினி, பத்திரத்துல என் பேரு மட்டும்தான் இருக்கு. அண்ணன் இருந்தப்பவே அப்படித்தான்...

— சுத்தி வளைக்காத.

— பணம் கட்டி என் மகனைப் பட்டாளத்துலேருந்து மீட்கணும். வேற வழி தெரியல. வித்துட்டேன். வெள்ளிக்கிழமை வர்றாங்க. நிக்கிற பயிரோட அவங்களுக்கு.

— எந்தப் பக்கத்த?

— உங்க பக்கத்த. அதான், பாலோ பதரோ, அதுக்குள்ள கிடைச்சது உங்களுக்குக் கிடைக்கட்டும்னு... திட்டுறதுன்னா திட்டுங்க மதினி.

— நீ கொண்டுவந்த அரிவாள இங்கயே வச்சிட்டுப் போ. நீ வித்தது உன் பாதி. வரப்புக்கு அந்தப் பக்கம் நிக்கிறது இனி என் பாதி. முத்தினதும் நானே அறுத்துக்கிறேன்.