ஏரிக்குள்ள முப்பத்தோரு வூடு

– கத்தாதீங்க அண்ணாச்சி, கீழ பெயிண்டுக் கடைக்காரங்க மேல ஏறி வந்துருவாங்க. இந்த நாற்காலில உக்காருங்க மொதல்ல.

– குந்தறதுக்கா வந்தேன்? சிங்கப்பெருமாள் கோவில்ல சவாரிய எறக்கி வுட்டுட்டு ஷேர் ஆட்டோவ அப்டியே ஒரகடத்துக்குத் திருப்பிக்கினு வந்துகீறேன். பேரு டில்லிபாபு. கன்னியம்மன் தெரு, பதினாலாம் நம்பர். என் வூடு சித்தேரிக்குள்ள கீதாமே! இந்தா, சட்டைய தொட்டுப் பாரு. ஈரமா கீதா?

– தெரியும் அண்ணாச்சி. நோட்டீஸ நானும் பாத்தேன்.

– பாத்துட்டு இன்னா செஞ்ச? நாளைக்கு பத்து மணிக்கு ஜேசிபி வருது. தாலுகா ஆபீஸ்ல போயி கேட்டா, 'மேப்புல ஏரிக்குள்ள கீதுய்யா, மேப்பு போட்டவனப் போயி கேளு'ன்றான். மேப்பு போட்டவன் நீதான?

– நான்தான். பேச்சிராஜ். வீட்டுக் கணக்கு சர்வே எடுத்த கம்பெனிக்கு மேப்பு போட்டுக் குடுக்கது என் வேல.

– எந்த ஊரு நீ?

– சங்கரன்கோவில் பக்கம்.

– அங்க ஏரிக்குள்ளதான் வூடு கட்டுவீங்களா?

– திட்டுங்க அண்ணாச்சி, திட்டுனா கேட்டுக்கிடுதேன். ஆனா இந்த ஸ்கிரீன ஒரு நிமிசம் பாருங்க. நீலமாத் தெரியுதுல்லா, அது சித்தேரி. உள்ள செவப்புப் புள்ளி முப்பத்தொண்ணு. ஒவ்வொரு புள்ளியும் உங்க தெருவுல ஒரு வீடு.

– தெரு ஏரியிலருந்து நானூறு அடி தள்ளி கீதுடா சாமி! நடுவுல ஒரு பள்ளிக்கூடமே கீது. தாயாரம்மா கடை கீது. அதெல்லாம் தாண்டி எங்க தெரு மட்டும் எகிறிக் குதிச்சி தண்ணில போய் வுழுந்துச்சா?

– அதத்தான் நானும் காலைலருந்து தேடுதேன்.

– இன்னாத்த தேடற? எம்பொண்ணு சுகப்பிரியா உங்க சர்வேலதான் வேல செஞ்சா. ரெண்டு மாசம் உங்க போன கைல வெச்சிக்கினு வெயில்ல அலைஞ்சா. எங்க தெருவ எழுதனதே அவதான். ஒரு வூடு வுடல. செந்தாமரை அக்கா வூட்ல ரேஷன் கார்டு இல்லன்னு சொன்னதுக்கு மூணு தபா போய் நின்னா. அவ கரெக்டா எழுதனத நீ இங்க ஃபேனுக்கு அடியில குந்திக்கினு ஏரில தூக்கிப் போட்டுட்ட. இவ்ளோதான் விசயம்.

– இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. மொதல்ல என்ன நெனச்சேன்னா, அளவு முறையில கோளாறுன்னு. பூமி உருண்ட. அதத் தாள்ல விரிக்கப்ப ஒரு கணக்கு இருக்கு. பழைய சர்வே மேப்புக்கு ஒரு கணக்கு, போன்ல வாரதுக்கு வேற கணக்கு. ரெண்டையும் மாத்திப் போட்டா எல்லாப் புள்ளியும் கூட்டமா எடம் மாறிப் போவும். இது காசில்லாத சாப்ட்வேரு அண்ணாச்சி, உலகத்துல எங்கெங்கயோ இருக்கவங்க சேந்து எழுதினது. நெட்டுல அவங்க பேசிக்கிடுத எடத்துல போயி எல்லாம் படிச்சேன். அந்தக் கணக்க மாத்திப் பாத்தேன்.

– வூடு வெளிய வந்துச்சா?

– உங்க வீடு வரல. ஆனா பெருமாள் கோவில் தெரு பூராவும் ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ள போய் நின்னுட்டு.

– அடப்பாவி.

– திருப்பி வச்சுட்டேன். அந்தத் தெருவுல ஒவ்வொரு புள்ளியும் மொட்டமாடி மேலயே உக்காந்திருக்கு பாருங்க. அப்ப கணக்குல கோளாறு இல்ல. உங்க தெருவுல மட்டும்தான்.

– அப்ப எங்க தெருவ மட்டும் புடிச்சி நவுத்து. இந்த மவுஸாலதான நவுத்துவ? ரெண்டு நிமிசம் ஆவுமா?

– ரெண்டு நிமிசம் கூட ஆவாது. ஆனா சும்மா நவுத்துனா ஒத்துக்கிட மாட்டாவ. ஏன் நவுத்துனன்னு காரணம் கேப்பாவ. காரணத்த எழுதி, கையெழுத்தோட அஞ்சு மணிக்குள்ள குடுத்தா ஜேசிபிய நிறுத்தி வைக்கேன்னு தாலுகா ஆபீஸ்ல ஒரு அம்மா சொன்னாவ. நல்ல அம்மா. அவங்க சொன்னா நடக்கும்.

– மணி இன்னா?

– மூணே கால்.

– இன்னாத்துக்கு தேடற அப்புறம்? எழுது. நான் சொல்றேன், நீ எழுது.

– சொல்லுங்க.

– 'ஐயா, நாங்க நாப்பது வருசமா வரி கட்டிக்கினு கீறோம். வூட்டாண்டயே வராம, எங்கியோ குந்திக்கினு எங்க தெருவ ஏரில போட்டவன் மேல போலீஸ் கேஸ் போடணும். இனிமே எந்த கவர்மெண்டு வேலையும் அந்த ஆளுக்குக் குடுக்கக் கூடாது.' போட்டியா?

– போட்டேன்.

– 'கை அழுவிப் போவணும்'னு போடு.

– அது வேண்டாம் அண்ணாச்சி. பெட்டிசன்ல அப்படிப் போட மாட்டாவ.

– சரி வுடு. நீ தப்பா நெனைக்காத. நீ கெட்டவனாத் தெரியல. வூட்ல நெலம அப்டி கீது. நோட்டீஸ் வந்த நாள்லருந்து எம்பொண்ணு சோறு துன்னல. பத்து நாளாச்சி. செவுத்தப் பாத்துக்கினே குந்திகினு கீறா. நான் தட்டுல கைய வெக்கும்போதுலாம் சொல்வேன், இத்த செஞ்சவன் கை அழுவிப் போவணும்னு. சொன்னதும் எழுந்து போயிடுவா. அந்த வூட்டு மேல அவளுக்கு அவ்ளோ உசுரு.

– கலியாணம் ஆயிட்டா?

– இல்லப்பா. திங்கக்கிழம மறைமலை நகர்ல ஒரு கம்பெனில ஆபீஸ் வேல, ஜாயினிங். எங்க தெருவுலருந்து மொத மொத ஆபீஸ்ல குந்தப் போறது இவதான். மத்ததுங்க எல்லாம் லைன்ல நின்னுக்கினே வேல செய்யுதுங்க, ஷிப்டு, ஓவர்டைமுன்னு. போலீஸ்ல விசாரிச்சி நல்லவன்னு பேப்பர் வாங்கியாரச் சொல்லிகீறாங்க. அதுக்குக் கூட எழுந்து போவ மாட்டேன்றா. போயி இன்னா ஆவப்போவுதுப்பான்றா.

– அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிப்பிய.

– சொல்லு.

– இந்தப் புள்ளி எல்லாம் எங்கிட்ட வந்தப்ப இப்படி இல்ல. உங்க தெரு முப்பத்தொண்ணும் ஒண்ணு மேல ஒண்ணா குமிஞ்சு கெடந்துச்சு. பிரிண்ட் எடுத்தா ஒரே ஒரு புள்ளி. வீட்டு நம்பர் ஒண்ணும் படிக்க முடியல. மேப்ப சீக்கிரம் குடுன்னு மேல இருந்து நெருக்குனாவ. இந்த சாப்ட்வேர்ல ஒரு வழி இருக்கு. குமிஞ்சு கெடக்க புள்ளிய சுத்தி வட்டமா விரிச்சுப் போடும். போன் கோளாறுன்னு நெனச்சு விரிச்சுட்டேன். விரிச்சத அப்படியே சேவ் பண்ணிக் குடுத்துட்டேன்.

– அப்ப ஏரிக்குள்ள கீற இந்த முப்பத்தோரு வூடும்...

– நான் விரிச்சது. ஒரே புள்ளியா விட்டிருந்தா, பாத்தவங்க இது ஏதோ தப்புன்னு அன்னிக்கே கேட்டுருப்பாவ. நான் அழகா விரிச்சுக் குடுத்ததால நெசமாவே வீடு மாதிரி ஆயிட்டு. ஏரிக்குள்ள ஒரு தெரு ஆக்கிரமிப்பு மாதிரி.

– உனுக்கு அம்மா அப்பா கீறாங்களா?

– இருக்காவ.

– சொந்த வூடா?

– ஆமா.

– யாருனா வந்து உங்க வூட்ட வட்டமா விரிச்சாத் தெரியும்.

– நேத்து ராத்திரி பூரா அதத்தான் அண்ணாச்சி நெனச்சேன். அந்தக் கேஸ எம்மேலயே போடட்டும். ஆனா நான் விரிச்சேன்னு மட்டும் எழுதுனா போதாது. விரிக்கதுக்கு முன்னால அந்த ஒரு புள்ளி ஏன் ஏரில இருந்துச்சுன்னும் எழுதணும். அதுக்குத்தான் போன்லருந்து வந்த மொத ஃபைல கம்பெனில கேட்டு வாங்கிருக்கேன். தொறக்குது. பாருங்க.

– எங்க?

– இந்தா. ஒத்தப் புள்ளி. அடியில செயற்கைக்கோள் படம் போடுதேன். பெருசு பண்ணுதேன். ஏரிக்கரை. கரையும் ஏரிக் கணக்குலதான் சேரும். ஒரு மரம் தெரியுது. மரத்துக்குப் பக்கத்துல மஞ்சளா ஒண்ணு.

– அது வண்டி.

– வண்டியா?

– எம்வண்டி தம்பி. மத்தியானத்துல சவாரி கெடைக்காதப்ப அந்தப் புளியமரத்தாண்டதான் நெழலுக்கு வுடுவேன். ஐய, ஆட்டோ கூட மேலருந்து தெரியுதா!

– அப்ப எடம் உங்களுக்குத் தெரிஞ்ச எடம்தான். சரி, நேரத்தப் பாப்போம். ஒவ்வொரு வீட்டையும் எப்ப சேவ் பண்ணாவன்னு இதுல இருக்கு. மார்ச் பதினாலு. மத்தியானம் ஒண்ணு அஞ்சுக்கு மொத வீடு. ஒண்ணு அம்பதுக்குக் கடைசி வீடு.

– முப்பத்தோரு வூடு முக்கா மணி நேரத்துலயா? சான்ஸே இல்ல. அன்னிக்கு அவ காலைல ஏழு மணிக்கே எறங்கிட்டா. ஒவ்வொரு வூட்லயும் பத்து நிமிசம் குந்தி நோட்டுல எழுதனா. நான் பாத்துகீறேன்.

– நோட்டுலயா?

– ஆமா. எங்க தெருவுல டவர் எடுக்காது. தெரு முன்னாடி ஒரு குடோன் ஷெட்டு எழும்பனதுலருந்து யாருக்கும் போன் எடுக்கறதில்ல. உங்க போனு சுத்திக்கினே இருந்துச்சி, சேவ் ஆவல. அதான் மொதல்ல நோட்டுல எழுதி வெச்சிக்கினு, அப்புறமா...

– அண்ணாச்சி?

– இரு.

– அந்த ஆப்புல சேவ் அமுக்குத நிமிசத்துல நாம எங்க நிக்கோமோ, அந்த எடத்தத்தான் வீடுன்னு எடுத்துக்கிடும்.

– வூட்டுப் பேரு, நம்பரு எல்லாம் கரெக்டாப் போட்டாலுமா?

– அதெல்லாம் ஒரு எழுத்து பெசகல. பதினாலாம் நம்பர், டில்லிபாபு, ரெண்டு ரூமு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எல்லாம் இருக்கு. எடம் மட்டும் அமுக்குன எடம்.

– இத்த அதுங்களுக்கு சொல்லிக் குடுத்தீங்களா?

– ட்ரெய்னிங் இருவது நிமிசம். வீட்டு வாசல்ல நின்னுதான் அமுக்கணும்னு யாரும் சொல்லல. எங்களுக்கே அது பெருசாத் தோணல.

– அந்த மரத்த இன்னொரு தபா காட்டு தம்பி.

– போன வாரம் ஒரு பொண்ணு இந்த நம்பருக்குப் பேசுச்சு அண்ணாச்சி. பேரு சொல்லல. 'சார், சேவ் பண்ணும்போது நாம நிக்கிற எடம் அதுவாப் போயிடுமா சார்'னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். அந்தப் பக்கம் அழுகச் சத்தம். வேல கெடந்துச்சு, வச்சுட்டேன்.

– பத்து நாளா சோறு துன்னல தம்பி. நான் தெனம் அதும் மூஞ்சிக்கு நேரா கை அழுவணும் கை அழுவணும்னு சொல்லிக்கினு...

– இந்தாங்க, தண்ணி குடிங்க.

– வேணாம். அந்த லெட்டர எடு. போலீஸ் கேசுன்னு சொன்னேன் பாரு, அத்த அடி. கவர்மெண்டு வேல குடுக்கக் கூடாதுன்னு சொன்னது, அத்தயும் அடி. ஒண்ணு வுடாம அடி.

– அடிச்சுட்டேன். ஆனா தாலுகா ஆபீஸ் குடுத்த ஃபாரத்துலயே கீழ அச்சடிச்சுருக்கு அண்ணாச்சி. தவறான பதிவு செய்தவர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்னு. போன மாசம் வேற ஒரு ஊர்ல ஒரு பையன் ஒத்த வீட்ட மாத்திப் போட்டதுக்கே கேஸ் குடுத்தாவ.

– நீ விரிச்சேன்னு சொன்னியே, உம்மேலயே எழுதிக்கயேன். கேஸ எம்மேல போடட்டும்னியே.

– எழுதுதேன். சத்தியமா எழுதுதேன். ஆனா மொத ஃபைல அவங்களும் தொறந்து பாப்பாவ. அதுலயே ஏரிலதான இருக்கு. அந்தப் போன வச்சிருந்தவங்க, 'நான் வாசல்ல நின்னு அமுக்கல, கரையில இருந்து அமுக்குனேன்'னு கையெழுத்துப் போட்டாத்தான் முப்பத்தோரு வீடும் வெளிய வரும்.

– போடலன்னா?

– நாளைக்கு பத்து மணி.

– திங்கக்கிழம அவளுக்கு ஜாயினிங்கு.

– தெரியும்.

– நான் போடறேன் கையெழுத்து. எம்பேர எழுதிக்க. டில்லிபாபு, தகப்பன் பேரு தாண்டவராயன். வூடு எனுது, பொண்ணு எனுது.

– செல்லாது அண்ணாச்சி. போனு உங்க கைல இல்ல. கரைக்குப் போனது அவங்கதான், நீங்க இல்லையே.

– தானாப் போவல தம்பி. நான்தான் இந்த ஆட்டோல ஏத்திக்கினு போயி புளியமரத்தாண்ட எறக்குனேன். 'வாசல்ல நின்னு அமுக்கணுமோ என்னமோப்பா'ன்னு அவ கேட்டா. எங்க குந்தி அமுக்கனா இன்னா கண்ணு, வூடு இன்னா ஓடியா போயிடப் போவுதுன்னு சொன்னவன் நான்.