காதுக்கட்டை

எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாததுபோல, அவ்வளவுதான். வெலிங்டன் நகரத்துக் காற்றின் இரைச்சல் தாங்காமல்தான் பக்கத்து ஊரான லோயர் ஹட்டுக்குக் குடிவந்தேன்.

மீட்புக் குழுவில் சேர்ந்ததும் அதனால்தான். இடிபாட்டின்மேல் ஒரு நீண்ட விசில் ஊதினால் எல்லா இயந்திரங்களும் நின்றுவிடும். யாரும் கால் மாற்றிக்கூட நிற்க மாட்டார்கள். உள்ளே உயிர் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்பவன் ஒருவன்தான். அது நான். நான் சொல்வதே முடிவு.

என் எந்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளங்கையளவு கட்டைகள், தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், விட்டுவிடும். நான் வெளியிலிருந்து இயக்க, சந்துக்குள் பாம்பாக நுழையும், கற்குவியலில் நான்கு காலால் ஏறும். ஒரு கட்டையில் விளக்கு, ஒன்றில் பேச்சு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் காது. அந்தக் காதில் விழுவது என் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும்.

ராங்கி எங்கள் குழுக்காரன். நிலநடுக்கத்தில் சரிந்த மரச்சாமான் கடையிலிருந்து கடைசி ஊழியரையும் வெளியே தள்ளினான். அவன் வருவதற்குள் கூரை இறங்கிவிட்டது. என் எந்திரம்தான் அவனைக் கண்டுபிடித்தது. கால் மாட்டி, ரத்தம் போய்க்கொண்டிருந்தது. இடிபாட்டை வெட்டிச் சீக்கிரம் வெளியே எடுத்தால் பிழைப்பான் என்றாள் குழுத்தலைவி நைரி.

"டேய் ஊமைக்கோட்டான்," என்றது பேச்சுக்கட்டை, ராங்கியின் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி. "உன் பொம்மைக்குக் கூச்சமே கிடையாதா? மூஞ்சியிலயே ஏறுது. உன் பொண்டாட்டி பெட்டியத் தூக்கிட்டுப் போனப்பவும் இப்படித்தான் சத்தமில்லாம நின்னியாமே?"

"வாய மூடிட்டுத் தண்ணியக் குடிடா," என்றாள் நைரி.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் உயிரோடிருக்கும் சந்தோஷம். எனக்கு அது புரிந்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு சின்ன அதிர்வு. அவன்மேல் தூசி மட்டும் கொட்டியது. நான் பேச்சுக்கட்டையைக் கழற்றினேன். மூச்சை வீணாக்கிக்கொண்டிருந்தான். அடுத்துத் தண்ணீர். விளக்கை எடுக்கும்போது கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். விரல்கள் விடும்வரை எந்திரத்தைச் சற்றுத் திருக வேண்டியிருந்தது.

"என்னாச்சு லயல்? ஏன் பேசமாட்டேங்கிறான்?" என்று என்னைக் கேட்டாள் நைரி.

"தெரியல. அதிர்வுக்கப்புறம் ஒண்ணும் வரல."

நைரி விசில் ஊதினாள். அப்படியொரு அமைதி. உள்ளே ராங்கி கல்லால் இரும்பைத் தட்டுகிறான். விட்டுவிட்டு, சீராக, எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி.

"ஏதாவது?"

"இல்ல."

"நல்லாக் கேளு. நம்ம ராங்கி அது."

கேட்டேன். அவள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் கேட்டேன். பிறகு தலையசைத்து இல்லை என்றேன். சாய்ந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்குள் பிணத்துக்காக ஆள் அனுப்பக்கூடாது என்பது எங்கள் விதி. நைரி ஹெல்மெட்டைக் கழற்றினாள். எல்லோரையும் கீழே இறக்கினாள்.

வேறு யாருக்காவது தேவைப்படும் என்று கட்டைகளை எடுத்ததாக முதலில் சொன்னேன். உள்ளே வேறு யாரும் இல்லை. நீங்கள் சொல்வது சரி. அவன் உயிரோடிருப்பது தெரிந்துதான் இல்லை என்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் காதுக்கட்டையை நான் கழற்றவில்லை. மற்றவர்கள் தேவாலயக் கூடத்தில் தேநீரும் கையுமாக அழுதுகொண்டிருந்தபோது, நான் வண்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். தட்டல் மெலிந்தது. இடைவெளி நீண்டது. நின்றது. அவன் சிநேகிதர்களில் யாரும் அத்தனை நேரம் அவனோடு இருக்கவில்லை. அதனால், அவனைத் தனியாகச் சாகவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.