கோபுரத்தோடு இறங்கியவன்

பான்சித் நூடுல்ஸில் எலுமிச்சை பிழியாமல் சாப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஜோமார் பிழியமாட்டான். அவனிடம் நான் கண்ட குறை அது ஒன்றுதான். அவன்மேல் எனக்கு விரோதம் இல்லை ஐயா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மரிக்கினாவில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். ஜோமார், தெல்மா, அவள் கணவன் டோங், நான். மூத்தவன் என்பதால் என்னை ‘குயா’ என்பார்கள். ஒன்றையொன்று கவ்வும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஒரு பெரிய மேசைமேல் எங்கள் ஊரையே கட்டிக்கொண்டிருந்தோம். ஆறு, பாலம், செருப்புக்கடைகள், மாதா கோயில். மற்ற நாட்களில் அந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். வேறு யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை.

ஒருநாள் ஜோமார் சாப்பிட்டுக்கொண்டே, “தோஹாவுல வேலை கெடச்சிருச்சு, அடுத்த மாசம் கெளம்புறேன்” என்றான்.

“அந்த வெயில்ல உன் கட்டையெல்லாம் உருகிடும்டா” என்றான் டோங்.

“உன் மண்டையே இன்னும் உருகல, கட்டையா உருகப்போவுது?”

தெல்மா என்னைப் பார்த்தாள். “அப்ப நாமளும் நிறுத்திக்கலாம் குயா எர்னிங். மூணு பேரு என்னத்தக் கட்டுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு தெல்மாவும் டோங்கும் சீக்கிரமே கிளம்பினார்கள். வாசல் கதவைச் சாத்தப் போனவன், திரும்பி ஏறும்போது மாடிப்படியில் ஒரு பலகையின் ஆணிகளைக் கழற்றினேன். காலையிலேயே தளர்த்தி வைத்திருந்தேன். கால் முறிந்தால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு என்ன சமைத்துக் கொண்டுபோவது என்றுகூட யோசித்திருந்தேன்.

மேலே போய், கோயில் கோபுரத்தை எடுத்து, “நீ கொண்டுபோ” என்று ஜோமாரிடம் நீட்டினேன். கைப்பிடியைப் பற்ற அவனுக்கு ஒரு கை மிச்சம் இருக்கக் கூடாது.

“இது நம்ம எல்லாரோடதும்ல குயா?” கண் கலங்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

விழுந்தபோது தலை தரையில் மோதியது. நான் இறங்கிப் போகையில் மூச்சு இருந்தது.

“ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க குயா.”

“கூப்பிடுறேன். அசையாம இரு.”

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிய கட்டைகளைப் பொறுக்கி, கோபுரத்தைத் திரும்பக் கட்டினேன். கட்டிக்கொண்டே பேசினேன். என் மனைவி விட்டுப்போனதைப் பற்றியெல்லாம் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. அவ்வப்போது ‘ம்’ என்றான். பிறகு அதுவும் நின்றது.

ஏன் கூப்பிடவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.