அவசர மாமா திருந்திட்டாராம்

...இல்ல, நீயே சொல்லு கண்ணு. ஒரு மனுஷன் எட்டு வருஷமா கிறுக்குத்தனம் பண்ணிக்கிட்டு இருந்தான். அதப் பாக்கத்தான் சனங்க டிவி முன்னாடி வந்து உக்காந்தாங்க. அவனப் போயி திருத்தினா யாரு பாப்பா? வாயத் திறக்காத, உதட்டுச் சாயம் காயல. தலைய மட்டும் ஆட்டு. அய்ய, ஆட்டாத ஆட்டாத, புருவம் கோணிக்கும். சும்மா இரு, நானே சொல்லிக்கிறேன்.

உன்ன எதுக்கு வரவழைச்சிருக்காங்க தெரியுமா? முட்டுக் குடுக்க. சீரியல் சாயுது, அத்தையோட தங்கச்சின்னு புதுசா ஒருத்தியக் கொண்டாந்து நிறுத்தினா நிமிர்ந்துக்கும்னு நெனப்பு. நீ லட்சணமாத்தான் இருக்க, இல்லேங்கல. ஆனா மாமா சரியில்லாத வீட்ல மச்சினி வந்து என்ன பண்ணுவா? இந்த மாசத்தோட மூடிடுவோம்னு சேனல்ல சொல்லிட்டாங்க. முப்பது பேரு பொழப்பு. நான் இந்த பவுடர் டப்பாவத் தூக்கிக்கிட்டு இனி எங்க போயி நிக்கறது, இந்த வயசுல?

அவசர மாமான்னா யாரு? வாஷிங் மெஷின தானே பிரிச்சு மாட்டி, நாலு ஸ்க்ரூ மிச்சம் வந்தா, "கம்பெனிக்காரன் தெரியாம அதிகமா போட்டுட்டான்"னு சொல்றவரு. அத்தை திட்டுவா, மாமா முழிப்பாரு, அடுத்த வாரம் வேற ஒண்ணப் பண்ணிட்டு வந்து நிப்பாரு. பட்டாலும் புத்தி வராது. அதுதான் கண்ணு அந்தக் குடும்பம். சினிமான்னா ரெண்டரை மணி நேரத்துல ஒருத்தன் திருந்திட்டு வீட்டுக்குப் போயிடலாம். இவரு வாராவாரம் வரணும்ல?

போன மாசம் என்ன பண்ணாங்க? மாமா அத்தை பக்கத்துல உக்காந்து, "உன் மனசு எனக்குப் புரியுது"ங்கறாரு. அத்தையா நடிக்கிற அம்மா வசனமே வராம நின்னுட்டாங்க. திட்டித் திட்டியே பழகின வாயி, பாவம், அதுக்கு என்ன பதில்னு தேடும்? கேமராக்காரரு கொட்டாவி விட்டாரு. என் கண்ணால பாத்தேன். கண்ண மூடு, மை வெக்கணும்.

எல்லாம் அந்த ரைட்டராலதான். நல்ல மனுஷன், குத்தம் சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். தினமும் பதினோரு மணிக்கு டீயத் தூக்கிக்கிட்டு இங்க வருவாரு. அதோ, அந்த ஸ்டூல்ல உக்காருவாரு. "என்னக்கா, வீட்ல என்ன விசேஷம்?"னு கேப்பாரு. நான் எங்க வீட்டுக்காரரப் பத்திப் பொலம்புவேன். அவரு நோட்டுல எழுதுவாரு.

ஆமா, என்ன அப்படி முழிக்கிற? மை அப்பிடும், மூடு. அந்த ஸ்க்ரூ எங்க வீட்டு ஸ்க்ரூதான். ஆஸ்பத்திரிக் கதை பாத்திருக்கியா? கூட வேலை பாக்கறவருக்கு உடம்பு சரியில்லன்னு பாக்கப் போன எங்க வீட்டுக்காரரு, வேற ரூமுக்குள்ள நுழைஞ்சு, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்து, ஒரு மணி நேரம் ஆபீஸ் கதையெல்லாம் பேசிட்டு, வீட்டுக்கு வந்து, "ஆளே மாறிட்டான்டி, பாக்கவே கஷ்டமா இருக்கு"ன்னாரு. சத்தியமா நடந்தது. அந்த எபிசோடுக்குத்தான் ஊரே சிரிச்சுது.

எங்க வீட்டுக்காரருக்கும் அந்த சீரியல்னா உசுரு. தொடையத் தட்டித் தட்டி சிரிப்பாரு. "இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா?"ம்பாரு. எட்டு வருஷத்துல ஒரு தடவ கூட சந்தேகம் வரல, கண்ணு. நானும் முந்தானையால வாய மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அப்புறம்... அட, பஞ்ச எங்க வெச்சேன்? ம். அப்புறம் என்னத்த. எல்லாத்தையும் கெடுத்தது ரைட்டரும் இல்ல, சேனலும் இல்ல. நான்தான். ஒருநாள் என் வெளுத்த புடவையெல்லாம் இவரோட புது சிவப்புச் சட்டையோட ஊறப்போட்டு வெச்சிருந்தாரு. எல்லாம் ரோஸ். அந்தக் கோவத்துல இருக்கேன், இவரு டிவி முன்னாடி உக்காந்து, "முட்டாள், முட்டாள்"னு சிரிக்கிறாரு. வாயில சனி. "அது நீங்கதான்"னுட்டேன்.

சிரிப்பு நின்னுபோச்சு. முடியற வரைக்கும் பாத்தாரு. அப்புறம், "ஆஸ்பத்திரி?"ன்னாரு. ஆமான்னேன். "ஸ்க்ரூவுமா?"ன்னாரு. எந்திரிச்சுப் போயி படுத்துட்டாரு.

அன்னிலேந்து ஆளு தங்கம். எதச் செஞ்சாலும் பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு செய்யறாரு. கதவ மூணு தடவ இழுத்துப் பாக்கறாரு. என்கிட்ட பேசறதுக்கு முன்னாடி யோசிக்கிறாரு. வீடு அப்படியே... வாடகைக்குக் குடிவந்த யாரோ நல்ல மனுஷனோட இருக்கற மாதிரி இருக்கு. ஏக்கமாப்போச்சு எனக்கு. ரைட்டருக்குச் சொல்லவும் ஒண்ணுமில்ல. மூணு வாரம் வெறும் நோட்ட வெச்சுக்கிட்டு உக்காந்து பாத்தாரு. வேற வழி? மாமாவத் திருத்திட்டாரு.

கேளு, இன்னும் இருக்கு. சீரியல மூடப்போறாங்கன்னு நேத்து வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். இன்னிக்குக் காலைல பாக்கறேன், கட்டில்ல ஈரத்துண்டு. நடு மெத்தையில. இவரு கதவோரம் நின்னுக்கிட்டு ஓரக்கண்ணால என்னைப் பாக்கறாரு.

முப்பது வருஷக் குடித்தனத்துல அவரு ஈரத்துண்டக் கட்டில்ல போட்டதே கிடையாது. அது மத்த ஆம்பளைங்க பண்றது. இவரு ரகமே வேற. எட்டு வருஷமா நடிக்கிறவங்க மூஞ்சியத் தொடச்சவ நான், எனக்குத் தெரியாதா நடிப்பு? அதுவும் இவ்வளவு மோசமான நடிப்பு? நான் இங்க வந்து சொல்றதுக்கு ஒண்ணு வேணும்னு, எனக்காக, அந்த மனுஷன்...

இரு. தும்மல் வந்துது. பவுடர்.

திட்டினேன். பின்ன? இடுப்புல கை வெச்சுக்கிட்டு கால் மணி நேரம் திட்டினேன். மாமியார் வரைக்கும் இழுத்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாரு. மூஞ்சியில என்னா ஒரு நிம்மதிங்கற! கௌம்பறப்ப குடையத் தானே எடுத்துக் குடுத்தாரு. பஸ்ஸ விட்டு எறங்கி விரிக்கிறேன், நம்ம குடையே இல்ல. அது நடிப்பா நெசமான்னுதான் எனக்கு இன்னும் புரியல.

இத நான் ரைட்டருகிட்ட சொல்லப்போறதில்ல. நீயும் வாயத் திறக்காத. இது எங்க வீட்டோட இருக்கட்டும்... ஏன், ஏன் கண்ணாடியில பின்னாடி பாக்கற? யாரு அங்க? ரைட்டர் அண்ணே! எப்ப வந்தீங்க? டீ ஆறிக்கெடக்கு, அப்ப எவ்வளவு நேரமா நிக்கறீங்க? அந்த நோட்ட மூடுங்க. மூடுங்கன்னா. சிரிக்கவேற சிரிக்கிறீங்க...

எத்தன நாளாச்சு நீங்க சிரிச்சு.

சரி, எழுதிக்கோங்க. துண்டு, குடை, நான் திட்டினது, எல்லாத்தையும் எழுதுங்க. ஆனா மாமா வேணும்னே போட்டாருன்னு மட்டும் எழுதிடாதீங்க அண்ணே. வீட்ல அவரு பாப்பாரு. நான் ஏமாந்துட்டேன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்.