லீவில் வரும் பிள்ளையின் தட்டு

யுத்த காலம். கடற்படையில் சேர்ந்த மகனைத் தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு, என் பெஞ்சின் மறுகோடியில் ஒரு கரமனைக்கார மாமி விம்மிக்கொண்டிருந்தாள். லீவு முடிந்த மகனை அதே வண்டியில் அனுப்பியிருந்த இன்னொரு மாமி அவளிடம் சொன்னாள்:

"லீவுல வந்தா, அவன் சாப்பிட்ட தட்டை மட்டும் நீங்க எடுத்துடாதேள், கேட்டேளா?"

"ஏன்?"

"அவனேதான் அலம்புவான். அங்கே அப்படிப் பழக்கிடுவா."

"ஆம்பளப் பிள்ளையையா!"

"பின்னே! துணி தோய்ப்பான், படுக்கையை மடிப்பான். ஆரம்பத்துல அழுது கடுதாசி போடுவான். நீங்களும் அழுது எழுதப்படாது. அப்புறம் சரியாயிடும்."

அப்போது அழுத மாமியின் புருஷன், தண்ணீர் குடித்து முடித்த கூஜாவை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் மாமி, அம்பது வயசுல அங்கே சேர்த்துப்பாளா?"