தண்ணீர் தொடும் ஆறு துளைகள்

உங்கள் ஜீப் கிளம்பும்போது வெள்ளைப் புகை விடுகிறது, அய்யா. வாசலில் காத்திருந்தபோது பார்த்தேன். உள்ளே எங்கேயோ தண்ணீர் எரிகிறது. எஞ்சினை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பெயர் க்வாக்கு அன்னோர். குமாசியில், சுவாமே பட்டறைகளில் முப்பத்தொரு வருடமாக எஞ்சின் வேலை. நாலு வாரமாக நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கும் செர்வா, வண்டிப் பாகங்கள் விற்கிறவள், அவளைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். அவள் கொடுத்த பசையில் குற்றமில்லை. உட்கார்ந்தே சொல்கிறேன். முழங்கால் முன்போல் இல்லை.

வழக்கில் இருக்கும் அந்த வேனின் ஹெட்டைப் பதினெட்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. பன்னிரண்டுக்குத் துளை இரும்புக்குள்ளேயே முடிந்துவிடும். அவற்றுக்கு மரையில் இரண்டு சொட்டு ஆயில் போதும். மற்ற ஆறு துளைகளும் தண்ணீர் ஓடும் இடத்தில் போய்த் திறக்கும். அந்த ஆறுக்கு, காய்ந்தாலும் இறுகிப்போகாத வெள்ளைப் பசை பூச வேண்டும். பூசாவிட்டால் தண்ணீர் மரையைப் பிடித்துக்கொண்டே மேலேறி ஆயிலில் கலந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

வேனை ஓட்டியது பெடியாகோ, என் ஒரே மகன். அவன் அம்மா இறந்தபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருபத்திரண்டு வயதில் குமாசி–தமாலே தடத்தில் ஆள் ஏற்றி ஓட்ட ஆரம்பித்தான். போனால் வடக்கே ஊர் ஊராக ஓட்டிவிட்டு வீடு திரும்பப் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகும்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே மறதி. அன்றைக்குக் களைத்திருந்தேன். இரண்டு போல்ட்டுக்குப் பசை பூச விட்டுப்போயிற்று. பதினெட்டாம் நாள் வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அப்பா, ஆயில் அளக்கிற கம்பியை எடுத்துப் பாருங்க. யாரோ பால் ஊத்தி டீ போட்டு வெச்சிருக்காங்க."

சிரித்தான். ஐந்து நாள் இருவருமாகச் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒரே சட்டியில் ஃபுஃபு சாப்பிட்டோம். பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு ரோட்டில் பார்த்ததையெல்லாம் சொன்னான். அந்த ஐந்து நாளும் எனக்குக் களைப்பே தெரியவில்லை.

அதன்பின் நான் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். இறுகிப்போகும் சிவப்பு அரக்கைப் பூசினால் இரண்டு மாதம் தாங்கும். வெள்ளை டேப் சுற்றினால் ஒரு மாதம். இரண்டு போல்ட்டை வெறுமனே விட்டால் பதினெட்டு நாள். மூன்று வருடத்தில் ஏழு முறை. அவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, அய்யா. வண்டி நிற்கும், அவன் வீட்டுக்கு வருவான், அவ்வளவுதான்.

செர்வாவுக்குத்தான் கண் கூர்மை. என் பட்டறைக்கு எதிர்க்கடை அவளுடையது.

"என்ன மாஸ்டர், நீங்க தொட்ட வண்டியெல்லாம் ஓடுது. உங்க பையன் வண்டிக்கு மட்டும் எப்பப் பாரு வயித்தாலடி!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மழை முடிந்த மாதம் பெடியாகோ சொன்னான். "அப்பா, தமாலேல மெமுனாட்டுன்னு ஒருத்தி. துணி தைக்கிறா. அங்கேயே ரூம் பார்த்துட்டேன். இனிமே வண்டியை அங்கிருந்தே ஓட்டறேன்."

"சரி," என்றேன்.

"கோபமா?"

"எதுக்குடா கோபம்?"

"அப்போ போறதுக்கு முன்னாடி ஹெட்டை ஒரு தடவை ஒழுங்காப் பூட்டிக் குடுங்க. அந்த ஊர்ல உங்களை மாதிரி கை இல்ல."

செர்வாவிடம் போய் நல்ல பசையாக அவனே வாங்கிக்கொண்டு வந்தான். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். நான் துளைகளைச் சுத்தம் செய்தேன். ஆறு போல்ட்டையும் வெறுமனே போட்டு, முறைப்படி மூன்று சுற்றாக இறுக்கினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆறும் வெறுமனே இருந்தால் வழியில் டெச்சிமான் ஊரைத் தாண்டுவதற்குள் வேன் திணறும். அரை நாளில் இழுத்துக்கொண்டு வந்துவிடுவான். ஒரு மாதம் வேலை இருக்கும். ஒரு மாதத்தில் மனசு மாறலாம்.

ஒரே ஒரு சிக்கல். வழியில் ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் அங்கேயே யாரிடமாவது விட்டுவிடுவான், என்னிடம் வரமாட்டான். அதனால், "புது ஆயில் ஊத்தியிருக்கேன், தமாலே போற வரைக்கும் தொடாதே," என்று சொல்லி அனுப்பினேன். அவன் தொடவில்லை. சின்ன வயதிலிருந்தே சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

வேன் நான் நினைத்ததைவிட நல்ல வேன். டெச்சிமான் தாண்டியது, கிண்டாம்போவும் தாண்டியது. காலை பத்து மணிக்கு ஒரு இறக்கத்தில் பேரிங் பிடித்து எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் அந்த வேனில் பிரேக் மிதி கல்லாகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது. எதிரே தக்காளி லாரி. வேனில் இருந்த பதினாலு பேரில் ஆறு பேர் இறந்தார்கள். பெயர்களைச் செய்தித்தாளில் போட்டிருந்தார்களாம். என் மூக்குக்கண்ணாடி பட்டறையில் கிடந்தது, அதனால் நான் படிக்கவில்லை.

உங்கள் ஆட்கள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, மரையில் பசையே இல்லையே என்று கேட்டார்கள். செர்வா கொடுத்ததைப் பூசினேன், போலியாக இருக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் என்றேன். முப்பத்தொரு வருட மாஸ்டர் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஜனங்கள் அவள் கடையை உடைத்தார்கள். உங்கள் ஜீப்பில் ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"மாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க! உங்களுக்குத் தெரியும்ல!"

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். இதோ, அந்தப் பசை டியூப். மூடியில் சீல்கூட உடையவில்லை, பாருங்கள்.

பெடியாகோவுக்கு வலது கால் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிடுகிறேன். மீன் சூப் வைக்கிறேன். முன்போலப் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும் சொன்னான்.

"ஆறு பேர்ப்பா. நான் ஆயிலைப் பார்த்திருக்கணும். நீங்க சொன்னாலும் நான் பார்த்திருக்கணும்."

"அதையே நினைச்சுட்டு இருக்காதே, சாப்பிடு," என்றேன். நோயாளியிடம் வேறு என்ன சொல்வது? அவன் தூங்கியபின்னும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வீடு மறுபடியும் வீடாக இருந்தது.

நேற்று மெமுனாட்டு வந்தாள். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. என் முன் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள்.

"மாமா, நீங்களும் தளர்ந்துட்டீங்க. நான் அவரைக் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர்ல எலும்பு கட்டறவர் இருக்கார், ஆறு மாசத்துல நடக்க வெச்சிடுவார்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குச் சொல்லிவைத்தாயிற்று. அவன் சட்டைகளை மடித்து வைத்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை.

அதனால்தான் இன்று காலை வந்தேன். செர்வாவை விட்டுவிடுங்கள். எனக்கு அவள்மேல் ஒன்றுமில்லை. செய்தது நான்தான், ஆறு போல்ட்டும் என் கையால் போட்டவை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இனி வழக்கைப் புதிதாக எழுதுவீர்கள். வண்டி ஓட்டியவன்தான் முதல் சாட்சி. வழக்கு முடியும்வரை முதல் சாட்சி ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொன்னார். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வருடக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார்.

லாக்கப்பில் இருப்பவனுக்கு வீட்டிலிருந்துதான் சாப்பாடு வர வேண்டுமாமே. எனக்கு அவனைத் தவிர யாருமில்லை, அய்யா. ஊன்றுகோலோடு மெதுவாகவே வரட்டும். நான் காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்புங்கள்.